பெரியப்பாவின் நியமனக் கடிதங்கள்: இங்கிலாந்து மனநல மருத்துவமனைகளின் பழைய பதவிப் படிகள்

நல்லூர் மகள்

எல்லாருக்கும் வணக்கம். என் பெரியப்பா இந்த மாதத் தொடக்கத்தில் காலமானார். கொழும்பில் எம்பிபிஎஸ் முடித்து 1966இல் இங்கிலாந்துக்குப் போனவர். ஓய்வு பெறும்வரை வடக்கில் ஒரு பெரிய மனநல வைத்தியசாலையில்தான் வேலை. அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும், வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

சித்தப்பா "மனநல வைத்திய நிபுணர்" என்று போடச் சொல்கிறார். பெரியம்மா மறிக்கிறார். "அவர் கன்சல்டன்ட் இல்லை. இல்லாததைப் போட்டால் அவருக்கே பிடிக்காது" என்கிறார். சரி, கோப்பைப் பார்ப்போம் என்று திறந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. 1966இல் எஸ்எச்ஓ. 1968இல் ரெஜிஸ்ட்ரார். 1970இல் டிபிஎம் என்று ஒரு சான்றிதழ். அதற்குப் பிறகு சீனியர் ரெஜிஸ்ட்ரார் பதவிக்கு விண்ணப்பித்து, "வருந்துகிறோம்" என்று வந்த கடிதங்கள் ஒரு கட்டு. 1973இல் மெடிக்கல் அசிஸ்டன்ட். 1981இல் அதே வேலைக்கு அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் என்று புதுப் பெயர். 1995இல், 57 வயதில் ஓய்வு. ஓய்வூதியக் கடிதத்தில் "எம்எச்ஓ ஸ்டேட்டஸ்" என்று ஒரு வரி.

இவை ஒவ்வொன்றும் என்ன? அவர் ஏன் கன்சல்டன்ட் ஆகவில்லை? அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு ஒருநாளும் வரவில்லை.

திருநெல்வேலி டாக்டர்

மகளே, உங்கள் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த இரங்கல். நான் 1979இல் இந்த நாட்டுக்கு வந்து மனநலத் துறையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களிடம்தான் நான் வேலை கற்றேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1948 ஜூலை 5இல் என்எச்எஸ், அதாவது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை, தொடங்கியபோது ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு ஒரு படிவரிசை அமைந்தது. அடியில் ஹவுஸ் ஆபீசர். 1953 முதல் முழுப் பதிவு வேண்டுமென்றால் அந்த ஒரு வருடம் கட்டாயம், ஆறு மாதம் பொது மருத்துவம், ஆறு மாதம் அறுவை. உங்கள் பெரியப்பா இன்டர்ன்ஷிப்பை ஊரிலேயே முடித்திருப்பார். அதற்கு மேல் சீனியர் ஹவுஸ் ஆபீசர், அதுதான் எஸ்எச்ஓ. பிறகு ரெஜிஸ்ட்ரார், சீனியர் ரெஜிஸ்ட்ரார், உச்சியில் முழுப் பொறுப்பும் ஏற்கும் நிபுணரான கன்சல்டன்ட்.

தாளில் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காகத் தெரியும். நடைமுறையில் ரெஜிஸ்ட்ராருக்கும் சீனியர் ரெஜிஸ்ட்ராருக்கும் நடுவில்தான் கதவு இருந்தது. ரெஜிஸ்ட்ரார் இடங்கள் வார்டு ஓட ஆள் வேண்டும் என்பதற்காக உண்டானவை, எனவே ஏராளம். சீனியர் ரெஜிஸ்ட்ரார் இடங்களோ நாளைக்கு எத்தனை கன்சல்டன்ட் தேவைப்படும் என்று மேலே கணக்குப் போட்டு அளந்து கொடுத்தவை. அந்தக் கதவைத் தாண்டிவிட்டால் கன்சல்டன்ட் ஆவது பெரும்பாலும் காலத்தின் கேள்விதான். தாண்டாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியேதான். பல சீனியர் ரெஜிஸ்ட்ரார் இடங்கள் போதனா மருத்துவமனைகளைச் சுற்றியே இருந்தன. நம்மவர்களோ ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்த பெரிய மனநல மருத்துவமனைகளில் இருந்தார்கள். அங்கே உள்ளூர்ப் பட்டதாரிகள் போக விரும்பாததால்தான் நமக்கு வேலையே கிடைத்தது. மனநலமும் முதியோர் மருத்துவமும் தெற்காசிய டாக்டர்களால் நிரம்பியது அப்படித்தான். நேர்முகத்துக்கு வரும் பேராசிரியருக்கு நம்மைத் தெரியாது, நமக்காகக் கடிதம் எழுதுகிறவரை அவருக்குத் தெரியாது.

அந்தக் "வருந்துகிறோம்" கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆவணக்காரர்

மெடிக்கல் அசிஸ்டன்ட் பற்றிச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் டாக்டர் இல்லை, பழைய மனநல மருத்துவமனைகளின் குறிப்பேடுகளைப் பல வருடமாகப் படித்து வருகிறவன்.

என்எச்எஸ்ஸுக்கு முந்தைய மனநோயாளர் காப்பகங்களில் படிகள் குறைவு. மேலே மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட், கீழே ஒரு துணை, அதற்குக் கீழே அசிஸ்டன்ட் மெடிக்கல் ஆபீசர்கள். அவ்வளவுதான். சூப்பரின்டென்டன்ட் மருத்துவமனை வளாகத்திலேயே தனி வீட்டில் இருப்பார். நோயாளியின் சிகிச்சை மட்டும் இல்லை, பண்ணை, சலவைக்கூடம், சமையல், பணியாளர் ஒழுங்கு எல்லாம் அவர் கையில். அவர் ஓய்வு பெற்றால் அல்லது இறந்தால்தான் கீழே இருப்பவருக்கு வழி. 1841இல் இந்தக் காப்பக மருத்துவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுவே வளர்ந்து 1926இல் அரச சாசனம் பெற்று, 1971இல் ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் ஆனது.

1948இல் இந்த ஆட்களையெல்லாம் புதிய படிகளில் எங்கே உட்கார வைப்பது என்று கேள்வி வந்தது. சிலரைக் கன்சல்டன்ட் என்று ஏற்றார்கள். அனுபவம் இருந்தும் அந்த அளவுக்கு இல்லை என்று கருதப்பட்டவர்களுக்கு சீனியர் ஹாஸ்பிடல் மெடிக்கல் ஆபீசர், சுருக்கமாக எஸ்எச்எம்ஓ, என்ற படி. மனநல மருத்துவமனைகளில் இவர்கள் நிறைய. செய்வது கன்சல்டன்ட் வேலை, சம்பளமும் பெயரும் அதற்குக் கீழே. இதனால் எழுந்த கசப்பு சிறியதல்ல. 1961இல் மருத்துவமனை டாக்டர் பதவிகளை ஆராய்ந்த பிளாட் குழு அந்தப் படியில் புது ஆள் எடுப்பதை நிறுத்தச் சொன்னது. பதிலுக்கு வந்ததுதான் மெடிக்கல் அசிஸ்டன்ட். கன்சல்டன்ட் பொறுப்பின் கீழ் வேலை செய்யும் நிரந்தரப் பதவி. 1981இல் பெயர் அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் ஆனது. ஆக, உங்கள் பெரியப்பாவின் இரண்டு கடிதங்களும் ஒரே பதவியைச் சொல்கின்றன.

சூப்பரின்டென்டன்ட் கதை 1959 மனநலச் சட்டத்தோடு மாறியது. ஒவ்வொரு மனநல மருத்துவமனையிலும் அப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அதோடு போயிற்று. பல இடங்களில் பழைய சூப்பரின்டென்டன்ட் ஓய்வு பெறும்வரை பதவி தொடர்ந்தது. 1966இல் உங்கள் பெரியப்பா போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் யாராவது குடியிருந்திருக்கக்கூடும்.

ஈப்போ அக்கா

நான் ஈப்போவிலிருந்து 1971இல் மனநலத் தாதியாகப் பயிற்சி எடுக்க இங்கிலாந்து வந்தேன். அந்தக் காலத்தில் மலேசியாவிலிருந்து எங்களைப் போல் நிறையப் பேர் வந்தோம். பதவிப் பெயர்களை வார்டில் நின்று பார்த்தவள் நான், அதைச் சொல்கிறேன்.

கன்சல்டன்ட் வாரத்துக்கு ஒரு தடவை ரவுண்ட் வருவார். எஸ்எச்ஓ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுவார், பெயர் மனதில் பதியும் முன்னே அடுத்தவர் வந்து நிற்பார். நடுவில் நிலையாக இருந்தவர் எங்கள் மெடிக்கல் அசிஸ்டன்ட். அவரும் நம் ஊர்ப்பக்கத்து ஆள்தான். இருபது முப்பது வருடமாக வெளியே போகாத பெண்கள் இருந்த வார்டு அது. எந்த அம்மாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எந்த மாதத்தில் மனம் இறங்கும், யாருடைய தங்கை எந்த ஊரில் இருக்கிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும். நோட்ஸைத் திறக்காமலே சொல்வார். ஒரு அம்மா யாரிடமும் பேச மாட்டார். டாக்டர் தினமும் காலையில் அவர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே மழையா வெயிலா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். பிற்பாடு அந்த அம்மா இவர் வரும் நேரத்துக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு வைப்பார்.

ஆனால் செக்‌ஷன், அதாவது நோயாளியைச் சட்டப்படி தடுத்து வைக்கும் உத்தரவு, புதுப்பிக்கும் பாரத்தில் கையெழுத்து கன்சல்டன்டுடையது. அந்தத் தடுப்பை மறுபரிசீலனை செய்யும் ட்ரைபியூனலுக்குப் போகும் அறிக்கையை இவர் எழுதுவார், அடியில் அவர் பெயர். எனக்கு அன்றைக்கும் அது பொறுக்கவில்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை.

நல்லூர் மகள், எம்எச்ஓ என்றால் மென்டல் ஹெல்த் ஆபீசர். அது பதவி இல்லை, ஓய்வூதிய உரிமை. முழுநேரமும் மனநோயாளிகளைப் பார்த்த தாதிகளுக்கும் டாக்டர்களுக்கும் உண்டு. இருபது வருடம் முடித்து 50 வயதும் தாண்டிவிட்டால், அதற்குப் பின் வேலை செய்த ஒவ்வொரு வருடமும் இரண்டாகக் கணக்கில் சேரும், 55 வயதிலேயே போகலாம். 1995 மார்ச்சுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது இல்லை.

குரோய்டன் வாசகன்

எல்லார் மீதும் மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். 1971இல் ராயல் காலேஜ் வந்தது, அதன் உறுப்பினராவதற்கான எம்ஆர்சிசைக் தேர்வு வந்தது. நம்மவர்கள் எத்தனையோ பேர் அதை எழுதித் தேறி கன்சல்டன்ட் ஆனார்கள். எல்லாவற்றையும் அமைப்பின் மீது போடுவது சரியா? டிபிஎம்மோடு நின்றது அவருடைய முடிவாகவும் இருக்கலாம் இல்லையா?

திருநெல்வேலி டாக்டர்

நியாயமான கேள்வி. நானே எழுதித் தேறினவன்தான், அதனால் அந்தத் தேர்வை மட்டமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தேதிகளைப் பாருங்கள்.

டிபிஎம், அதாவது டிப்ளமா இன் சைக்கலாஜிக்கல் மெடிசின், அரை நூற்றாண்டு காலம் இந்தத் துறையின் தகுதியாக இருந்தது. அவர் அதை 1970இல் வாங்குகிறார். அடுத்த வருடமே காலேஜ் பிறக்கிறது. ஏற்கனவே பெரிய பதவிகளில் இருந்தவர்கள் பலர் தேர்வெழுதாமலே உறுப்பினர் ஆனார்கள். கீழே இருந்தவர்களுக்குப் புதுத் தேர்வு. அந்தத் தேர்வு வந்தபோது இங்கிலாந்தின் பயிற்சி டாக்டர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஒழுங்கான பயிற்சி கொடுக்காமல் தேர்வு மட்டும் வைக்காதே என்பதுதான் அவர்கள் வாதம். அதன் விளைவாகத்தான் காலேஜ் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், இங்கே பயிற்சி தரத் தகுதி இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் கொடுக்கும் வழக்கம் வந்தது. அது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒப்புதல் இல்லாத இடத்தில் அகப்பட்டுக்கொண்டவர் என்ன செய்வார்?

எனக்கு வாய்த்தது ஒரு ரொட்டேஷன். ஆறு ஆறு மாதமாக வயதுவந்தோர், முதியோர், குழந்தைகள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று சுற்றிவரும் வேலை. வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு விடுவார்கள். கன்சல்டன்ட் வாரம் ஒரு மணி நேரம் எனக்கென்று கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். மனநலப் பயிற்சியின் உயிரே அந்த ஒரு மணி நேரம்தான் என்று நினைக்கிறேன். இன்றும் அது பாடத்திட்டத்தில் இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் பகுதித் தேர்வை எஸ்எச்ஓவாக இருக்கும்போதும் இரண்டாம் பகுதியை ரெஜிஸ்ட்ராராகவும் எழுதினேன். நோயாளியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வெளியே வந்து இரண்டு தேர்வாளர்கள் முன்னால் முழு வரலாற்றையும் ஒப்பிக்க வேண்டும். அதற்கு ஊரும் உச்சரிப்பும் பழகியிருக்க வேண்டும், நம்மை முன்கூட்டிப் பழக்கிவிட ஒருவர் வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். 1973இல் குழந்தைகுட்டியோடு, ஆறு மாதத்துக்கொரு ஊர் மாற முடியாத ஒருவருக்கு நிரந்தர வேலை ஒன்று கிடைத்தால் எடுக்காமல் என்ன செய்வார்? எடுத்த பிறகு அது பயிற்சிப் பதவி அல்ல. திரும்பி ஏற வழி இல்லை.

இன்னொன்று. 1980களின் பின்பாதியில் "அச்சீவிங் எ பேலன்ஸ்" என்ற திட்டத்தில் ரெஜிஸ்ட்ரார் பதவியையே இரண்டாகப் பிரித்தார்கள். இங்கேயே தங்கி மேலே போகிறவர்களுக்கு கரியர் ரெஜிஸ்ட்ரார், பயிற்சி முடிந்து நாடு திரும்ப வேண்டிய வெளிநாட்டு டாக்டர்களுக்கு விசிட்டிங் ரெஜிஸ்ட்ரார். ஒரே வார்டு, ஒரே இரவுப் பணி. முன்பு வாயால் சொல்லாமல் நடந்ததை அன்றைக்குத் தாளிலேயே எழுதினார்கள். அதே திட்டம்தான் 1988இல் ஸ்டாஃப் கிரேட் என்ற இன்னொரு பதவியையும் தந்தது. அதிலும் யார் போய் நிறைந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மதுரை சிடி2

நான் இப்போது கோர் ட்ரெயினி, அதாவது மனநல அடிப்படைப் பயிற்சியில் இருக்கும் டாக்டர், இரண்டாம் வருடம். பழைய நர்ஸ்கள் இன்னமும் என்னை "டியூட்டி எஸ்எச்ஓ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பதவி எப்போது போயிற்று? ரெஜிஸ்ட்ரார் என்பதும் பேச்சில் இருக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் இல்லை.

செல்ம்ஸ்ஃபோர்ட் அண்ணன்

தம்பி, இதற்கு நான் சொல்கிறேன், நான் மாற்றம் இரண்டையும் அனுபவித்தவன்.

முதல் மாற்றம் கால்மன். தலைமை மருத்துவ அதிகாரி கென்னத் கால்மன் தலைமையில் 1993இல் அறிக்கை வந்தது. ரெஜிஸ்ட்ராரையும் சீனியர் ரெஜிஸ்ட்ராரையும் உருக்கி ஒன்றாக்கி ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்ட்ரார், எஸ்பிஆர், ஆக்கினார்கள். 1996 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. பயிற்சி முடிந்தால் சிசிஎஸ்டி சான்றிதழ், அது இருந்தால் நிபுணர்களின் பதிவேடான ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டரில் பெயர். 1997 முதல் அந்த ரெஜிஸ்டரில் இல்லாமல் கன்சல்டன்ட் ஆக முடியாது. மனநலத்தில் இது ஒரு தனி வடிவம் எடுத்தது. எம்ஆர்சிசைக் தேறாமல் எஸ்பிஆர் ஆக முடியாது என்பதால், பழைய ரெஜிஸ்ட்ரார் வேலைகள் எஸ்எச்ஓ என்ற பெயருக்குள் போயின. மற்ற துறையில் எஸ்எச்ஓ என்றால் இளசு. எங்கள் துறையில் நான்கு வருட அனுபவத்தோடு, தேர்வின் கடைசிப் பகுதிக்குக் காத்திருக்கும் எஸ்எச்ஓக்கள் இருந்தார்கள்.

எஸ்பிஆர் மூன்று வருடம் அருமையான காலம். வாரத்தில் ஒரு நாள் ஆராய்ச்சிக்கு, ஒரு நாள் நமக்குப் பிடித்த சிறப்புத் துறைக்கு. நான் அந்த நாளில் சிறைச்சாலை கிளினிக்குக்குப் போனேன்.

இரண்டாவது மாற்றம் 2005இல் தொடங்கியது. ஹவுஸ் ஆபீசரும் எஸ்எச்ஓ முதல் வருடமும் சேர்ந்து ஃபவுண்டேஷன் இரண்டு வருடம் ஆயின. சிசிஎஸ்டி சான்றிதழ் போய் சிசிடி என்ற சான்றிதழ் வந்தது. 2007 ஆகஸ்டில் எஸ்எச்ஓவும் எஸ்பிஆரும் புதுச் சேர்க்கைக்கு மூடப்பட்டு எஸ்டி1, எஸ்டி2 என்று எண்கள் வந்தன. மனநலத்தில் அது பிறகு சிடி1 முதல் சிடி3, போட்டி, அப்புறம் எஸ்டி4 முதல் எஸ்டி6 என்று நிலைத்தது. உன் சிடி2 அங்கிருந்து வந்தது.

அந்த 2007 வசந்தத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. நாடு முழுவதற்கும் எம்டாஸ் என்று ஒரே கணினி விண்ணப்பம். 150 சொல்லில் குழுவேலைக்கு உதாரணம் தா, 150 சொல்லில் நெருக்கடியைச் சமாளித்த கதை சொல் என்று கேள்விகள். வருடக்கணக்கில் சேர்த்த அனுபவத்துக்கு அதில் இடமே இல்லை. மார்ச்சில் லண்டன் தெருவில் ஆயிரக்கணக்கான டாக்டர்கள் ஊர்வலம் போனார்கள். ஏப்ரலில் விண்ணப்பதாரர்களின் சொந்த விவரங்கள் வெளியே கசிந்தன. மே மாதம் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

வெளிநாட்டு டாக்டர்களுக்கு அது இரண்டாவது அடி. 1985 முதல் பயிற்சிக்கு ஒர்க் பெர்மிட் வேண்டாம் என்றிருந்த ஏற்பாட்டை 2006 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் எடுத்துவிட்டார்கள். பாதிப் பயிற்சியில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஈஸ்ட் ஹாம் வீடுகளில் ஓர் அறைக்கு நாலு பேர் படுத்து, கோயிலில் சாப்பிட்டு, வேலை தேடிய தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கனவே இங்கே உரிமையோடு இருந்தவர்களைப் பின்னுக்குத் தள்ளச் சொன்ன சுகாதாரத் துறை வழிகாட்டுதலை எதிர்த்து இந்திய வம்சாவளி டாக்டர்களின் பாப்பியோ சங்கம் வழக்குப் போட்டது. 2008இல் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் வென்றது. அதற்குள் பலர் ஊருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள்.

மதுரை சிடி2

நன்றி அண்ணா. பெயர் மாறினாலும் இரவு வேலை மாறவில்லை போலிருக்கிறது. போன வாரம் தானாக வந்து சேர்ந்த ஒருவர் விடிகாலை நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கதவருகே நின்றார், உயிருக்கு ஆபத்து என்று எல்லாருக்கும் பயம். முடிவெடுக்க நான் ஒருவன்தான். ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தும் பலனில்லை. மனநலச் சட்டத்தின் செக்‌ஷன் 5(2), எச்1 பாரம், 72 மணி நேரம் தடுத்து வைக்கலாம். எழுதும்போது கை நடுங்கியது.

திருநெல்வேலி டாக்டர்

தம்பி, நடுங்கட்டும். ஒரு மனிதனின் கால்களைத் தடுக்கும் கையெழுத்து அது. என் காலத்தில் முதலில் 1959 சட்டத்தின் 30ஆம் பிரிவு, அப்புறம் 1983 சட்டத்தில் 5(2), பாரம் 12. அன்றும் மூன்று நாள்தான், அன்றும் இரவில் வார்டில் தனியாக இருந்த பயிற்சி டாக்டர்தான். படிவரிசையின் அடியில் இருப்பவரிடம் இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கொடுக்கிற துறை இது. அதனால்தான் அந்த வாராந்திர ஒரு மணி நேரத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே என்கிறேன். உன் கன்சல்டன்டிடம் இந்த இரவைப் பற்றிப் பேசு.

அங்கொடை எஸ்ஆர்

இலங்கையிலிருந்து. நீங்கள் எல்லாரும் வரலாறாகப் பேசுகிற பெயர்களில் நாங்கள் இன்றைக்கும் வேலை செய்கிறோம். இங்கே இன்டர்ன், மெடிக்கல் ஆபீசர், பிஜிஐஎம் என்ற பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் தேர்வு எழுதி ரெஜிஸ்ட்ரார், எம்டி முடிந்ததும் சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டில் கொஞ்ச காலம் பயிற்சி, திரும்பி வந்து கன்சல்டன்ட். அந்த வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பலர் இங்கிலாந்துக்குத்தான் போகிறார்கள்.

நிபுணர்கள் போதாத மாவட்டங்களை எங்கள் நாட்டிலும் மனநல மெடிக்கல் ஆபீசர்கள், டிப்ளமா முடித்தவர்கள் தாங்குகிறார்கள். கிராமத்துக் கிளினிக்கில் மக்களுக்குத் தெரிந்த முகம் அவர்கள்தான். அவர்களுக்கு மேலே போக வழி வேண்டும் என்பதை இந்த இழையைப் படித்த பிறகு இன்னும் உறுதியாக நம்புகிறேன்.

ஆவணக்காரர்

வழி பற்றிச் சொன்னதால் ஒன்று. இங்கிலாந்தில் 2005க்குப் பிறகு, பயிற்சிப் பதவியில் இல்லாதவரும் தன் அனுபவத்தை ஆவணமாக அடுக்கிக் காட்டி ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டரில் சேரலாம் என்று வந்தது. நீண்ட காலம் சீசர் என்று அழைத்தார்கள், இப்போது போர்ட்ஃபோலியோ பாத்வே. பெரியப்பாவுக்கு அது பத்து வருடம் பிந்தி வந்த வழி. அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் பதவி 2008இல் புதியவர்களுக்கு மூடப்பட்டது, 2021இல் ஸ்பெஷலிஸ்ட் என்ற மூத்த பதவி வந்திருக்கிறது.

நல்லூர் மகளுக்கு: அந்தந்த வருடத்து மெடிக்கல் டைரக்டரி என்ற டாக்டர்களின் விவர நூலில் அவர் பெயர், பட்டம், பதவி அச்சாகியிருக்க வாய்ப்பு அதிகம். பெரிய நூலகங்களில் கிடைக்கும். அந்த மருத்துவமனை மூடப்பட்டிருந்தால் அதன் குழுக் குறிப்பேடுகள் பெரும்பாலும் அந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும்.

குரோய்டன் வாசகன்

டாக்டர் ஐயாவின் பதிலை முழுவதும் படித்தேன். தேர்வு எழுதாமல் போனதற்கு ஒருவரின் விருப்பம் மட்டுமே காரணம் என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் கல்வெட்டில் பெரியம்மா சொல்வதுதான் சரி என்று படுகிறது. உண்மையான பதவியைப் போடுங்கள்.

நல்லூர் மகள்

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு பெரியம்மாவுக்கு இவ்வளவையும் வாசித்துக் காட்டினேன். மூன்று தடவை சீனியர் ரெஜிஸ்ட்ரார் நேர்முகம் வரை போனாராம். மூன்றாவது முறை திரும்பி வந்து, "இனி இவர்களுக்கு எழுத மாட்டேன், இங்கே இருக்கிற சனத்தைப் பார்க்கிறேன்" என்றாராம்.

அச்சகத்துக்கு இப்படிக் கொடுக்கப் போகிறேன்: "1966 முதல் 1995 வரை இங்கிலாந்தில் மனநல வைத்தியராகப் பணியாற்றினார். எஸ்எச்ஓ, ரெஜிஸ்ட்ரார் பதவிகளின் பின் 1973 முதல் மெடிக்கல் அசிஸ்டன்டாகவும், அப்பதவி பெயர் மாறிய 1981 முதல் அசோசியேட் ஸ்பெஷலிஸ்டாகவும் ஒரே வைத்தியசாலையின் நீண்டகால நோயாளர்களைப் பராமரித்தார். சீனியர் ரெஜிஸ்ட்ரார் பதவிக்குப் பலமுறை விண்ணப்பித்தும் அது அவருக்கு வழங்கப்படவில்லை." கடைசி வசனத்தைச் சித்தப்பா எடுக்கச் சொல்கிறார். பெரியம்மா இருக்கட்டும் என்கிறார்.

ஈப்போ அக்கா

இருக்கட்டும் மகள். அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, முகவரியைத் தனிச் செய்தியில் தருகிறேன். எங்கள் பழைய வார்டுத் தாதிகள் சில பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறோம், அவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன்.